சொல்லிவிடுகிறேன் என்றேன்

நீமாவின் தாய் சாகக் கிடந்தபோது, மகளின் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்தச் செய்தி என் கைபேசிக்குத்தான் வந்தது. நான் அதை நீமாவிடம் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். புரியாமல் போனதும் இல்லை. நன்றாகக் கேட்டது, நன்றாகப் புரிந்தது, சொல்லிவிடுகிறேன் என்று வாயாரச் சொன்னேன். பிறகு வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன்.

என் கணவருக்கு இது தெரியாது. என் மகளுக்குத் தெரியாது. நீமாவிடம்... அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் வில்லியனூரிலோ பாகூரிலோ உங்கள் வீட்டு மாடியை வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கலாம். இனிமேல் விடலாம். உங்களிடம் சொல்வதில் ஏதாவது பலன் இருக்கும் என்று தோன்றுகிறது.

நான் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர்க்காரி. கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. பி.காம். படித்தவள், மாலையில் கல்லாவில் உட்காருவேன். ஆங்கிலம் பேச வரும். வெளியூர் ஆட்கள் கடைக்கு வந்தால் என் கணவரை நகரச் சொல்லிவிட்டு நானே முன்னால் போய்ப் பேசுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே!

நீமா ஓர் ஐப்பசி மழையில் வந்தாள். தான்சானியாவில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் உள்ள ஊரைச் சேர்ந்தவள். இங்கே ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் இடமில்லை, வெளியே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே பார்ப்பது, யாரைக் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர்தான் அவளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறார்.

கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "யக்கா, பாவம்க்கா இந்தப் பொண்ணு. காலைலேர்ந்து இட்டுகினு சுத்தறேன். போர்டு தொங்கற வூட்லயே, வூடு காலியில்லன்றாங்க. மூஞ்சியப் பாத்ததும் கதவ சாத்தறாங்கக்கா. உம் மாடி சும்மாத்தான கெடக்குது?"

நான் இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்றுதான் ஊர் சொல்கிறது. நானும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால், ஒழுகும் மாடி என்று எங்கள் வீட்டுக்கு யாரும் குடிவராமல் வெகுநாள் பூட்டிக் கிடந்தது. வழக்கத்தைவிட வாடகையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே சரி என்றாள்.

இரக்கம் பிறகுதான் வந்தது. அது வந்தது உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை முழுக்கக் கெட்டவளாகக் காட்டிக்கொள்வதும் ஒருவகைத் தப்பித்தல்தானே?

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. அங்கே ஒருவர் எப்போதாவது வருவார், வந்தால் நோட்டீஸ் போர்டைப் பார்க்கச் சொல்வார். நான்தான் அவளோடு போனேன். சிம் வாங்கவும் நான், காய்ச்சல் வந்தால் டாக்டரிடமும் நான். அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்த மளிகைக்கடைக்காரனிடம், "உம் பொண்டாட்டி தலைய யாராவது தொட்டா சும்மா இருப்பியாடா?" என்று கேட்டதும் நான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு வந்த பெண்ணுக்கு இங்கே இருந்த மொத்த ஏற்பாடும் ஒரு பாத்திரக்கடைக்காரியின் மனசுதான். அந்த மனசு நன்றாக இருந்த நாளெல்லாம் அவளுக்கும் நன்றாகவே நடந்தது.

என் மகள் வினோதினிக்கு அவள் மேல் உயிர். வினோ சொல்லிக்கொடுத்த தமிழைத்தான் நீமா பேசினாள். அதனால் அது அப்படியே எங்கள் வீட்டுத் தமிழாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா கொழம்பும்மா?" என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச்சோள மாவில் அவள் ஊர்க் களியைக் கிண்டுவாள். என் கணவர் அதைக் கத்தரிக்காய்க் காரக்குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இது நம்ம களிதான்டி, பவுடர் பூசிக்கினு வந்துருக்குது" என்பார். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டாள். என்னை அம்மா என்று கூப்பிட்டாள்... அந்தச் சொல்லை நான் எளிதாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

இனி கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வினோவுக்கு இரண்டு இடங்கள் கூடிவந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாகப் பாகூரில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பையன் தங்கமானவன். நாள் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அப்போது பார்த்து என் கணவரின் சித்தப்பா இறந்துபோனார். பங்காளித் தீட்டு. கல்யாணம் தள்ளிப்போனது.

சம்பந்தியம்மா சகுனம் பார்க்கிறவர். துக்கம் விசாரிக்க வந்தவர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் ஒண்ணும் தப்பா சொல்லல. ஆனா இன்னொரு வாட்டி இந்த மாதிரி எதுனா ஆச்சுன்னா, இந்தச் சம்மந்தமே வாணாம்னு தோணிரும் பாத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து யார் வீட்டு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் நம் சொந்தத்தில் யாரோ என்று பதறுவேன்.

புதிய தேதி வந்தது. வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டோம். பந்தக்காலுக்கு மஞ்சள் பூசக் கூப்பிட்ட சுமங்கலிகளுக்கு நடுவே வினோ நீமாவையும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். "இவளும் எந்தங்கச்சிதான்" என்றாள். நீமா இரண்டு கையாலும் மஞ்சளை அள்ளிப் பூசினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனாலும் சிரித்துவிட்டார்கள்.

பந்தக்கால் நட்ட வீட்டுக்குள் சாவுச் சேதி நுழையக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். தூரத்துச் சொந்தத்தில் யாராவது போய்விட்டால்கூட, தாலி ஏறும்வரை மூடி வைப்போம். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நம் ஊரில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, பெரிய மனுஷத்தனம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை கல்யாணங்களில் நானே அப்படி உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறேன்!

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீமாவின் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. விருந்தாளிகள் வருகிறார்களே, தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னது நான்தான். எட்டிப் பார்த்தவளின் சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டது. புதுச்சேரியில் பழுது பார்க்கக் கொடுத்தோம். என் போனிலிருந்து தன் அண்ணன் பராக்காவைக் கூப்பிட்டு, அது திரும்பி வரும்வரை ஏதாவது என்றால் இந்த எண்ணில் பேசு, இவங்க என் அம்மா மாதிரி என்று அவர்கள் மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டு அதை எனக்குத் தமிழிலும் சொன்னாள்.

அவள் வகுப்புப் பெண்கள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். கல்லூரி பூட்டிக் கிடந்தது. நீமாவுக்கும் அவள் ஊருக்கும் நடுவில் அந்தச் சமயத்தில் இருந்தது என் போன் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முதல்நாள். பகல் சாப்பாடு முடிந்து நலங்கு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். பாகூரிலிருந்து சம்பந்தியம்மாவும் நான்கைந்து பெண்களும் வந்திருந்தார்கள். நான் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணிக்கொண்டு சின்ன அறையில் இருந்தேன். அடுத்த அறையில் நீமா, வினோவின் கைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் கூடிக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது.

பராக்கா மிகவும் நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, திடீரென்று ஆகிவிட்டது, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்றார். இப்போது நினைவு இருக்கிறது, நீமா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், குரலைக் கேட்டால் போதும் என்கிறார் என்றார். ஒரே நிமிடம் போனை அவளிடம் கொடுங்கள் அம்மா என்றார்.

நான் எழுந்தேன். அது உண்மை! கதவுவரை நடந்தேன். கதவிடுக்கில் பார்த்தேன். வினோவின் உள்ளங்கையில் குனிந்திருந்தாள் நீமா. பக்கத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார்.

கொடுத்தால் என்ன ஆகும்? அலறுவாள். கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், மருதாணி ஈரம் காயாத நேரத்தில், ஓர் ஒப்பாரி. அதுவும் மாப்பிள்ளையின் தாய்க்கு எதிரில். போச்சு, எல்லாம் போச்சு... என் மகளுக்கு இந்த இடமும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

"நீமா வெளியே போயிருக்கிறாள். வந்ததும் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"கட்டாயம் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

"கட்டாயம் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

போனைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் தட்டுகளை எண்ண உட்கார்ந்தேன். எண்ணிக்கை பிசகிக்கொண்டே இருந்தது. அப்புறம் சொல்லலாம், சம்பந்தியம்மா கிளம்பட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கிளம்பினார். மண்டபம் போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம் என்றேன். போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு முடியட்டும் என்றேன். வினோ கொடுத்த பச்சைப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு நீமா மேடையில் அவளுக்குப் பின்னால் நின்றாள். வருகிறவர்கள் தருகிற பரிசுகளை வாங்கி வாங்கி அடுக்கினாள். ஏரிக்கரையில் ஒரு தாய் இவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

மறுநாள் காலை, முகூர்த்தத்துக்கு முன்னால், மணப்பெண் அறை வாசலில் நிற்கும்போது மறுபடியும் அழைப்பு வந்தது.

அம்மா போய்விட்டார் என்றார் பராக்கா. அவர் குரல் உடைந்திருந்தது. அவர்கள் ஊரில் உடலை அதிக நேரம் வைத்திருக்க வசதியில்லை, இன்றைக்கே அடக்கம், எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதிக்கிறோம், வீடியோவிலாவது நீமா அம்மாவின் முகத்தைப் பார்க்கட்டும் என்றார். நேற்று சொன்னீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் மறுபடியும் சொன்னேன்.

தாலி ஏறியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் பெண்ணைப் பெற்றவள் அழுகிறாள் என்றார்கள். நீமா எனக்குக் கைக்குட்டை கொடுத்தாள்.

பந்தி நடக்கும்போது அவர் மூன்றாவது முறை அழைத்தார். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தது. போனை அணைத்துவிட்டேன். அணைத்தேன்... விரலால் அழுத்தி, திரை கறுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். முதல்நாள் சொல்லாததற்குப் பயம் காரணம் என்றால், இதற்கு என்ன காரணம்? தாலி ஏறிவிட்டதே! இனி யார் என்ன செய்ய முடியும்? பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்வரை எதுவும் கெட்டுப்போகக்கூடாது என்ற பேராசையைத் தவிர வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

யோசிக்க யோசிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீமா எங்களுக்குப் பங்காளியா, சம்பந்தியா? அவள் தாய் செத்தால் எங்களுக்கு ஏது தீட்டு? எந்தச் சாத்திரத்திலும் இல்லை. பந்தக்காலுக்கு மஞ்சள் பூசினாளே, அதனால் அவளும் இந்த வீட்டுப் பெண்தான், அவள் வீட்டுச் சாவு நம்மைத் தொடும் என்று பயந்தேன். இந்த வீட்டுப் பெண் என்றால் அவள் தாயின் சேதியை அவளிடம் சொல்ல வேண்டாமா? தீட்டுக்கு மட்டும் அவள் சொந்தம், துக்கத்துக்கு அவள் குடித்தனக்காரி. இப்படி ஒரு கணக்கை நான் போட்டிருக்கிறேன்!

பொழுது சாயும் நேரத்தில் வினோ கார் ஏறிப் பாகூருக்குப் போனாள். கார் தெருமுனை திரும்பும்வரை நீமா கையசைத்தாள். பிறகுதான் நான் போனை உயிர்ப்பித்தேன். வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தேன்.

"உங்கண்ணன் போன் பண்ணாரும்மா. பேசு" என்று நீட்டினேன்.

அவள் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. பேசிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள் என்பது மட்டும் தெரிந்தது. அங்கே மண் தள்ளி முடித்துவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டதாம், அதற்கு மேல் உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியவில்லையாம்.

போனை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் இன்னும் எதுவும் கேட்கவில்லை. நானாக முந்திக்கொண்டு சொன்னேன்.

"நேத்துலேர்ந்து போன் வந்துகினேதான் இருந்துச்சும்மா. மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. அவரு பேசற இங்கிலீஷும் புரியல. இப்பத்தான்மா தெரிஞ்சுது..." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை உண்மைதான், ஆனால் அது பொய்க்குத் துணையாகப் போனது.

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பரவால்லம்மா. நீ அழாத. உனக்கு இன்னா தெரியும்? உந்தப்பு இல்லம்மா" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தாயைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு வாசலில் இன்னும் கட்டியிருந்த வாழைமரங்களைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"அம்மா... இது கல்யாண வூடு. நான் இங்க அழலாமா? இல்ல மேல போயி அழட்டுமா?"

கேட்டீர்களா? எங்கள் வழக்கம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல்நாளே நான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், வாயில் துணியை அடைத்துக்கொண்டாவது மாடியில் போய்ப் பேசியிருப்பாள். வினோவின் கல்யாணத்தில் ஒரு குறையும் வைத்திருக்கமாட்டாள். நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்திருக்கவே நடந்திருக்காது. அவளை எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்!

நீமா மேலும் இரண்டு வருடம் எங்கள் மாடியில் இருந்து படிப்பை முடித்தாள். கிளம்பும்போது என் காலில் விழுந்தாள். இப்போது தன் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இன்றும் என்னோடு தமிழில்தான் பேசுகிறாள்.

அவள் போன பிறகு நான் சும்மா இருக்க முடியாதவளாகிவிட்டேன். கல்லூரிக்கு நடந்தேன். முதலில் வாசலோடு அனுப்பினார்கள். மறுபடியும் போனேன். ஒரு பிள்ளைக்கு ஊரிலிருந்து அவசரச் செய்தி என்றால் அது வீட்டுக்காரர் போனுக்கு மட்டும் வந்தால் போதாது, பொறுப்பான ஆள் ஒருவர் எந்த நேரமும் எடுக்கிற எண் கல்லூரியில் இருக்க வேண்டும் என்றேன். விடுமுறையிலும் இருக்க வேண்டும் என்றேன். வந்து இறங்குகிற அன்றே கூட்டிப்போக ஆள் வேண்டும், வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும், போலீஸ் பதிவுக்குத் துணை போக வேண்டும், சாவோ நோவோ வந்தால் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கை இருக்கக்கூடாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அங்கிருந்தவர், "உங்கள மாதிரி எல்லா ஹவுஸ் ஓனரும் இருந்துட்டா இந்தப் பிரச்சினையே இல்லைங்க மேடம்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைத்தெருவில் கேலி செய்தார்கள். "இன்னாக்கா, ஆப்பிரிக்காவுக்கு வக்கீலா ஆயிட்ட?" என்பார் எதிர்த்த ஜவுளிக்கடைக்காரர். "ஆமாப்பா, நீயும் ஒரு வூடு காலியா வச்சிருக்கியே, எடு சாவிய" என்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டே நான்கைந்து வீடுகளின் கதவைத் திறக்க வைத்தேன்.

கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. ஒரு அம்மாவை அதற்கென்றே வேலைக்கு வைத்தார்கள். இரவிலும் எடுக்கிற எண் வந்தது. புதிதாக வந்த பிள்ளைகளை வரவேற்க ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பெரிய திரையில் நீமா தோன்றினாள். பழைய மாணவியாக அவளும் பேசினாள். என் அம்மா இறந்த நாளில் என் அண்ணனின் அழைப்பு எனக்கு வந்து சேரவில்லை, அது யார் குற்றமும் இல்லை, அந்த நாளில் என்னைத் தாங்கிக்கொள்ள இந்த அம்மா இருந்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்!

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, போன் அடித்தது. பராக்கா. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை அழைத்ததே இல்லை.

கூட்டத்தைத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பார்த்ததாகச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. அன்று பேசிய அதே நிதானம்.

"அன்றைக்கு நீமா வெளியே போயிருக்கிறாள் என்று சொன்னீர்கள். நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. என் தங்கையின் சிரிப்பு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தங்கியிருக்கிற வீட்டில் போனைத் தரவில்லை என்று சாகிறவரிடம் எப்படிச் சொல்வேன்? சிக்னல் இல்லை என்றேன். அம்மா அதை நம்பித்தான் போனார்."

"நீமாவிடம்...?" என்று கேட்டேன்.

"சொல்லவில்லை. உங்களுக்காக இல்லை. இன்னும் இரண்டு வருடம் அவள் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை. உங்களை வெறுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? இப்போது உங்களை அம்மா என்கிறாள். இனி எப்படிச் சொல்வது?"

என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். "வேண்டாம், அதை என்னிடம் கேட்காதீர்கள்" என்றார். பிறகு, வந்திருக்கிற பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இத்தனை வருடம் இதை நான் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்... அவர் தாயின் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னது என்னால். தங்கையின் எதிரில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் என்னால். முன்பின் பார்த்திராத ஒருவர் மேல் பாதிச் சுமையைத் தூக்கி வைத்துவிட்டு, நான் இங்கே கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நீமாவின் குரல் வந்தது. வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "அம்மா, நல்லா பேசினம்மா. சேல சூப்பரா இருந்துச்சு. மூஞ்சி மட்டும் இன்னாத்துக்கு அப்படி வாடிக் கெடந்துச்சு? சாப்டியா நீ?"

இப்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பேச ஆரம்பித்து அழித்தேன்.

சாப்பிட்டேன்மா, வெயிலில் அலைந்த களைப்புதான் என்று பதில் அனுப்பினேன். அதுவும் பொய்.